அந்தி நேரத்தில் ஒரு குண்டு: கொலராடோ மலைக்காட்டில் ஓர் எல்க் வேட்டை, நிகழ்வு ஆய்வு

## ஏன் இந்தப் பதிவு

ஓர் ஆண் எல்க் சுடப்பட்டு, பதினைந்தரை மணி நேரம் கழித்துக் கண்டெடுக்கப்பட்டு, மூன்று நாளில் மலையிலிருந்து இறக்கப்பட்டதன் பதிவு இது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. சட்டம் எதுவும் மீறப்படவில்லை. முகாமில் கொம்போடு எடுத்த படத்தை மட்டும் பார்ப்பவர்கள் நல்ல வேட்டை என்றே சொல்வார்கள்.

அப்படி இல்லை என்பது போன மூன்று பேருக்கும் தெரியும். அந்த விலங்கு சாக நேரம் ஆனது. ஒரு பின்தொடை கெட்டுப்போனது. எங்களில் ஒருவர் குளிரில் நிலைகுலைந்தார். மூன்றுமே ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் எடுத்த ஒரு முடிவிலிருந்து வந்தவை. அந்த முடிவில் எனக்கும் பங்கு உண்டு. நான் உரிமம் எடுக்கவில்லை, துப்பாக்கி தொடவில்லை; சுமை தூக்கப் போனவன். ஆனாலும் தூரம் அளந்து சொன்னது நான்தான்.

இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இப்படிப்பட்ட வேட்டைக்கு இடமில்லை. ஆகவே சிலருக்கு இது அந்நியமாக, சிலருக்குக் கசப்பாகவும் இருக்கலாம். அந்தக் கசப்பை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அமெரிக்க மேற்கு மாநிலங்களில் குடியேறி, அக்கம்பக்கத்தாரோடு இந்தக் காடுகளுக்குப் போகத் தொடங்கியிருக்கும் தமிழர்கள் இருக்கிறார்கள். அவர்களை மனதில் வைத்தே இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

## விலங்கும் இடமும்

வட அமெரிக்காவில் மூஸ் எனப்படும் விலங்கைத்தான் ஐரோப்பாவில் எல்க் என்பார்கள். இங்கே பேசுவது அதுவல்ல. ஷானி பழங்குடியினர் வாபிட்டி என்று பெயரிட்ட மான். அவர்கள் மொழியில் 'வெள்ளைப் பிட்டம்' என்று பொருள். நம் மிளாவைப் பார்த்தவர்களுக்கு உருவம் ஓரளவு பிடிபடும். வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொலராடோவில் இந்த இனம் சில நூறுகளுக்கோ ஓராயிரத்துக்கோ சுருங்கியிருந்தது. வேட்டையை மூடி, யெல்லோஸ்டோன் பக்கமிருந்து கூட்டங்களைக் கொண்டுவந்து விட்டு மீட்டெடுத்தார்கள். இன்று அந்த மாநிலத்தில் 2.5 லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. எத்தனை உரிமம், எந்தப் பகுதியில், எந்த நாட்களில் என்பதையெல்லாம் மாநில வனவிலங்குத் துறை முடிவு செய்கிறது.

நாங்கள் போனது வைட் ரிவர் தேசிய வனத்தில், ஃபிளாட் டாப்ஸ் வனாந்தரப் பகுதியின் ஓரத்தில். அக்டோபர் நடுவில் வரும் முதல் ரைஃபிள் பருவம் ஐந்து நாள்தான். அதற்கான உரிமம் குலுக்கலில் கிடைப்பது. ஏப்ரல் தொடக்கத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். முகாம் 2,900 மீட்டர் உயரத்தில், சாலை முடியும் இடத்தில். அங்கிருந்து நான்கரை கி.மீ. நடந்தால் 3,100 மீட்டரில் ஒரு நீண்ட மலைமுகடு. அதற்கு அப்பால் செங்குத்தாக இறங்கும் ஓடைப் பள்ளம். பள்ளத்தின் இரு பக்கமும் ஸ்புரூஸ், ஃபிர் என்னும் ஊசியிலை மரங்கள்; நடுநடுவே ஆஸ்பென் தோப்பும் புல்வெளித் துண்டுகளும். ஸ்புரூஸ் வண்டு தின்று சாய்ந்த மரங்கள் பள்ளத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து கிடந்தன. வனாந்தரப் பகுதி என்று 1964 சட்டப்படி வரையறுத்த எல்லைக்குள் மோட்டார் வண்டி மட்டுமல்ல, தள்ளுவண்டிகூடக் கூடாது. முதுகு, இல்லாவிட்டால் குதிரை, கோவேறு கழுதை. வேறு வழி கிடையாது.

## மூன்று பேர்

மூத்தவருக்கு 58 வயது. அந்தப் பள்ளத்தாக்கு ஊர்களிலேயே வளர்ந்தவர், முப்பது ஆண்டுக்கு மேல் எல்க் வேட்டை பழக்கம். அந்த ஆண்டு அவர் உரிமம் எடுக்கவில்லை. வழிகாட்டவே வந்தார், அதுவும் நட்புக்காக, கூலிக்கு அல்ல. சுட்டவருக்கு 34. வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்தவர், கோடை முழுவதும் சுடுதளத்தில் பயிற்சி எடுத்தவர். 300 மீட்டர் வரை நன்றாகவே சுடுவார். எல்க் வேட்டை அவருக்கு அதுவே முதல் முறை. மூன்றாவது ஆள் நான். சட்டம் வேட்டைக்காரருக்குச் சொல்லும் 500 சதுர அங்குல ஒளிர் ஆரஞ்சு உடையை மூவருமே போட்டிருந்தோம்.

## முதல் இரண்டு நாள்

வானம் தெளிவு, பகலில் 16 டிகிரி வரை வெயில். அப்படிப்பட்ட நாளில் எல்க் வெளியே நிற்காது. குளிர்கால முடி ஏற்கெனவே வளர்ந்திருக்கும், அதனால் வடக்குச் சரிவின் இருண்ட மரங்களுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். நாங்கள் கண்டவை தடயங்கள் மட்டுமே. மார்பு உயரத்துக்குப் பட்டை உரிந்து பிசின் வழிந்த இளம் ஃபிர் மரங்கள், ஆண் எல்க் புரண்டெழுந்த சேற்றுக்குழி, பிறகு ஓரிடத்தில் சட்டென்று மூக்கில் ஏறிய நெடி. லாயத்தில் அடிக்கும் வாடை போல, அதைவிடக் காட்டமாக. மூத்தவர் கையைத் தூக்கி எங்களை நிறுத்தினார். அடுத்த நொடி காற்று எங்கள் பிடரியில் பட்டது. முன்னால் மரக்கிளைகள் முறியும் சத்தம். ஒன்றையும் பார்க்கவில்லை.

மலைக்காற்றின் போக்கை அன்றுதான் புரிந்துகொண்டேன். விடியலில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே வழியும். வெயில் ஏற ஏற மேலே எழும்பும். மாலையில் மறுபடி கீழே. திசை மாறும் அந்த இடைவேளையில் எது எங்கே வீசும் என்று யாராலும் சொல்ல முடியாது. பின்னால் நடந்ததற்கு இது முக்கியம்.

இரண்டாம் நாள் இரவு வானிலை அறிவிப்பு: நான்காம் நாள் நண்பகலிலிருந்து பனி.

## மூன்றாம் நாள் மாலை

மூத்தவர் முகட்டின் வடகோடியில், எங்களிடமிருந்து ஒரு கி.மீ. தள்ளி உட்கார்ந்தார். சுட்டவரும் நானும் தென்கோடியில், பள்ளத்தைப் பார்த்தபடி இருந்தோம். மாலை 5:50-க்கு எதிர்ச்சரிவில், ஆஸ்பென் தோப்பின் ஓரத்தில் ஓர் ஆண் எல்க் வந்து நின்றது. தனியாக. தலையைத் தாழ்த்தி மேய்ந்தது.

அங்கே ஆண் எல்க்கைச் சுட ஒரு பக்கக் கொம்பில் நான்கு முனையாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் நெற்றிக்கு மேலே முளைக்கும் புருவக்கிளை 5 அங்குலமாவது நீள வேண்டும். இருநோக்கியில் ஐந்து முனை எண்ணினோம். தூரமானியைப் பார்த்து "240" என்றேன். சுட்டவர் முதுகுப்பையைப் பாறைமேல் வைத்து, அதன்மேல் ரைஃபிளைச் சாய்த்தார். எங்கள் பக்கம் ஓர் இலைகூட அசையவில்லை. மணி 6:05. அன்று சூரியன் மறைந்து அரை மணி வரை, அதாவது 6:55 வரை சட்டப்படி சுடலாம்.

அவர் ஏன் சுட்டார் என்று பிறகு பலமுறை பேசியிருக்கிறோம். அவர் சொன்ன காரணங்கள் நியாயமானவையே. தூரம் அவர் பழகிய எல்லைக்குள். விலங்கு பக்கவாட்டில் நின்றது. பருவத்தில் மிச்சம் இரண்டே நாள், அதிலும் பனி. அடுத்த ஆண்டு குலுக்கலில் பெயர் வருமோ வராதோ. எல்லாம் சரிதான். ஆனால் நாங்கள் இருவரும் கேட்டுக்கொள்ளாத கேள்விகள் இருந்தன: அது எங்கே போய் விழும்? அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? போகும்போது வெளிச்சம் இருக்குமா? எங்களுக்கும் அதற்கும் நடுவே 300 மீட்டர் ஆழமுள்ள பள்ளம் இருந்தது. 'படுமா' என்பதை மட்டும் யோசித்தோம்.

சுட்டார். எல்க் முதுகைக் கூனியது. நான்கு கால்களும் நெருங்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் போல நின்றது. ஓடவில்லை. நான்கைந்து நொடி அப்படியே நின்றது. நான் சத்தமாகச் சொன்னேன்: "பட்டுடுச்சு!" அவர் தொலைநோக்கியிலிருந்து முகத்தை எடுத்து என்னைப் பார்த்தார். மறுபடி குனிந்து பார்ப்பதற்குள் அது மெல்ல நடந்து மரங்களுக்குள் மறைந்துவிட்டது. இரண்டாவது குண்டுக்கு இருந்த நேரம் என் ஒரு சொல்லில் போனது.

## எதிர்ச்சரிவில் கண்டது

சத்தம் கேட்டு மூத்தவர் 6:45-க்கு வந்து சேர்ந்தார். கேட்ட முதல் கேள்வி: "சுட்டதும் எப்படி நடந்துகொண்டது?" முதுகைக் கூனியது என்றதும் அவர் முகம் மாறியது. நெஞ்சில் பட்டால் பெரும்பாலும் பாய்ந்தோடும். கூனினால் பின்னால் பட்டிருக்கிறது, ஈரலோ வயிறோ என்பது அவர் அனுபவம்.

அவர் செய்தவை நிதானமானவை. சுட்ட இடத்தில் ஆரஞ்சு நாடா கட்டினார். எதிர்ச்சரிவைப் படம் எடுத்து, எல்க் நின்ற மரத்தைப் படத்தில் வட்டமிடச் சொன்னார். திசைகாட்டியில் கோணம் குறித்தார். என்னை அங்கேயே டார்ச்சோடு நிறுத்திவிட்டு இருவரும் இறங்கினார்கள். பள்ளத்துக்குள் போனபின் எல்லா மரமும் ஒரே மரமாகிவிடும். அதனால் நான் மேலிருந்து வெளிச்சத்தால் இடமும் வலமும் காட்டி அவர்களை அந்த மரத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். 7:35 ஆனது.

அங்கே கொஞ்சம் வெட்டுண்ட முடி. புல்லில் கட்டைவிரல் அகலத்தில் இரத்தம். நுரை இல்லை, கருஞ்சிவப்பு. அடுத்த துளியில் மென்ற புல்லின் பச்சைத் துணுக்கு. நுரையீரலில் பட்டால் இளஞ்சிவப்பாக, நுரையோடு இருக்கும். கருமை ஈரலைக் காட்டுகிறது, பச்சை இரைப்பையை. இரண்டிலும் பட்டிருக்கிறது.

## இரவு முடிவு

தேடிப் போவதா, காலை வரை விடுவதா? அந்த இருட்டில், மரத்தடியில், தணிந்த குரலில் பேசி முடிவு செய்தார்கள்.

உடனே தேடச் சொல்லும் காரணங்கள் வலுவானவை. எல்க்கின் தோலும் முடியும் உடம்புச் சூட்டை விடாது. செத்த பிறகு தோல் உரிக்காமல் கிடந்தால் வெளியே குளிரடித்தாலும் எலும்பை ஒட்டிய சதை உள்ளுக்குள் புளித்துவிடும். கருங்கரடிகள் குளிர்காலத் தூக்கத்துக்கு முன் தின்னும் காலம் வேறு. அடுத்த நாள் பனி விழுந்தால் இரத்தத் தடம் மூடிப்போகும்.

காத்திருக்கச் சொல்லும் காரணங்களும் அப்படியே. வயிற்றில் அடிபட்ட விலங்கை விரட்டாமல் விட்டால் சில நூறு மீட்டருக்குள் படுத்துக்கொள்ளும், எழும் வலு மெல்லக் குறையும். ஆள் வருவது தெரிந்தால் எழுந்து போகும்; ஒரு முறை எழுந்தால் கி.மீ. கணக்கில், அதுவும் இரத்தம் சிந்தாமல் போகும். எல்லாவற்றுக்கும் மேல், சுடும் நேரம் முடிந்துவிட்டது. இரவில் உயிரோடு கண்டுபிடித்தாலும் வலியை முடித்துவைக்கச் சட்டப்படி வழியில்லை. விழுந்த மரங்களுக்கு நடுவே ஆளுக்கு ஏதாவது ஆகும் ஆபத்தும் உண்டு.

காத்திருக்க முடிவானது. முகாமுக்குத் திரும்பியபோது இரவு 10:30. சுட்டவர் சாப்பிடவில்லை. வெப்பமானி மைனஸ் 3 காட்டியது. எனக்கு அது ஒரு பக்கம் நிம்மதியாகவும் ஒரு பக்கம் குற்ற உணர்ச்சியாகவும் இருந்தது. இறைச்சிக்கு நல்ல குளிர், உயிரோடு கிடக்கும் ஒன்றுக்கு அது என்ன?

## நான்காம் நாள்: தேடல்

4:30-க்குக் கிளம்பி, வெளிச்சம் வரும்போது இரத்தம் கண்ட இடத்தில் இருந்தோம். ஒவ்வொரு துளிக்கும் பக்கத்தில் ஒரு துண்டு டிஷ்யூ காகிதம் வைத்துக்கொண்டே நகர்ந்தோம். திரும்பிப் பார்த்தால் வெள்ளைப் புள்ளிகள் ஒரு கோடாகத் தெரியும். விலங்கு போன திசை அந்தக் கோட்டில் இருக்கும். 70 மீட்டர் வரை சரியாகப் போனது. ஆஸ்பென் தோப்புக்குள் நின்றுவிட்டது.

தரை முழுக்க உதிர்ந்த மஞ்சள் இலை. அந்த இலைகளில் பூஞ்சைப் புள்ளிகள், காய்ந்த இரத்தம் போலவே கருஞ்சிவப்பாக. பத்து இலையில் ஒன்பது ஏமாற்றியது. மூத்தவர் பையிலிருந்து சின்ன தெளிப்பானில் ஹைட்ரஜன் பெராக்சைடு எடுத்தார். மருந்துக்கடையில் புண் கழுவ விற்பதுதான். புள்ளிமேல் அடித்தால் இரத்தம் என்றால் வெள்ளையாகப் பொங்கும். முட்டிபோட்டு, இலை இலையாக அடித்துப் பார்த்தோம். நாற்பது நிமிடத்தில் கிடைத்தவை ஆறு இலைகள். அந்த ஆறும் கீழே, ஓடைப் பக்கம் இழுத்தன.

பத்து மீட்டர் இடைவெளியில் மூவரும் வரிசையாக இறங்கினோம். முதல் படுக்கை கிடைத்தது. புல் அழுந்திய நீள்வட்டம், நடுவில் உறைந்த இரத்தம், அதன்மேல் உறைபனி. அறுபது மீட்டர் தாண்டி இரண்டாவது. பிறகு ஒன்றும் இல்லை. ஓடையருகே, செத்ததைத் தேடி வரும் மேக்பை பறவைகளின் கத்தல் கேட்டது. மூத்தவர் அந்தப் பக்கம் திரும்பினார். 9:40-க்கு, சாய்ந்த மூன்று ஸ்புரூஸ் மரங்களுக்கு நடுவே, மூன்றாவது படுக்கையில் அது கிடந்தது. குண்டு பட்டபோது அது நின்ற இடத்திலிருந்து 380 மீட்டர் தள்ளி, கீழே. கால்களை மடித்து, தலையை மரத்துண்டில் சாய்த்து. பின்பக்கமாக நெருங்கி நீளக் குச்சியால் கண்ணைத் தொட்டுப் பார்த்தார், இமைக்கவில்லை.

மூன்று படுக்கைகள். அது மூன்று முறை படுத்து, இரண்டு முறை எழுந்திருக்கிறது. எங்கள் பக்கத்துப் பிழையின் அளவு எனக்கு அங்கேதான் தெரிந்தது. சுட்டவர் பக்கத்து மரத்தில் உட்கார்ந்து, வெகுநேரம் அதன் கழுத்தில் கை வைத்திருந்தார். யாரும் அவரை எழுப்பவில்லை.

## இறைச்சி

உரிமச் சீட்டில் கையெழுத்தும் தேதியும் போட்ட பிறகே கத்தியை எடுத்தோம். வயிற்றைத் திறக்காமல், முதுகெலும்பு நெடுகக் கீறி ஒரு பக்கத் தோலை உரித்து, முன்காலையும் பின்காலையும் முதுகுச் சதையையும் கழற்றி, பிறகு புரட்டிப்போட்டு மறுபக்கம் செய்யும் முறை. இரைப்பை கிழிந்த விலங்குக்கு இதுவே நல்லது. கசிந்தது நல்ல சதையில் படாது. ஆண் என்பதற்கான அடையாளத்தை ஒரு பின்தொடையோடு ஒட்டியே விட்டோம், அது சட்டம்.

மேல்பக்கத் தொடை குளிர்ந்து, உறுதியாக, நல்ல சிவப்பில் இருந்தது. புரட்டிய பிறகு கீழ்ப்பக்கத் தொடையில் கை வைத்தேன். இன்னும் கதகதப்பு. இடுப்பு மூட்டுக்கருகே கத்தி இறங்கியதும் புளித்த மாவு கெட்டது போல ஒரு வாடை. மூத்தவர் எலும்பைச் சுற்றி வெட்டி வெட்டி மோந்து பார்த்தார். வாடை போன இடத்திலிருந்து எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டோம். அந்தத் தொடையில் பெரும்பகுதியும் குண்டு போன இடத்து விலாச் சதையும் சேர்த்து 16 கிலோ வீணாகியிருக்கும் என்பது எங்கள் கணக்கு. மீதியை எலும்பு நீக்கித் துணிப்பைகளில் கட்டினோம்.

## பனியும் ஒரு பின்வாங்கலும்

1:15-க்குப் பனி தொடங்கியது. முதல் சுமையோடு முகட்டை நோக்கி ஏறினோம். சுட்டவர் தன் பங்கைவிட அதிகம் தூக்கிக்கொண்டார். ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். தடுக்கவில்லை, தடுத்திருக்க வேண்டும். முந்தைய நாள் இரவிலிருந்து சரியாகச் சாப்பிடாதவர், தூங்காதவர். உள்ளே போட்டிருந்தது பருத்தி பனியன். ஏறும்போது வேர்த்து நனைந்தது, நின்றதும் ஈரத்தோடு காற்றில் சில்லிட்டது.

முகட்டுக்குக் கீழே கையுறையைக் கழற்றிப் பையின் கொக்கியைப் பிடிக்கப் பார்த்தார்; விரல் கேட்கவில்லை. ஏதோ சொன்னார், நாக்கு குழறியது. சரி, அவ்வளவுதான் என்று மூத்தவர் அங்கேயே எல்லாவற்றையும் நிறுத்தினார். அடர்ந்த ஃபிர் மரத்தடியில் உட்காரவைத்து, நனைந்ததைக் கழற்றி என் கம்பளிச் சட்டையைப் போட்டோம். சர்க்கரை நிறையப் போட்ட சூடான தேநீர், பிறகு வேர்க்கடலை மிட்டாய். அரை மணியில் நடுக்கம் தணிந்து பேச்சு தெளிந்தது. அவர் சுமையையும் மூத்தவர் சுமையையும் மூன்று மீட்டர் உயரத்தில் கிளையில் கட்டித் தொங்கவிட்டு, அவரை நடுவில் விட்டு இறங்கினோம். நான் மட்டும் முதுகுச் சதைப் பையைச் சுமந்தேன்.

இறைச்சி கெட்டுவிடுமே என்று சுட்டவர் திரும்பத் திரும்பச் சொன்னார். மூத்தவர் பதிலே சொல்லவில்லை. அந்த நேரத்தில் அது சரியான பதில் என்றே நினைக்கிறேன்.

அன்றிரவு செயற்கைக்கோள் கருவி வழியே, கோவேறு கழுதை வைத்துச் சுமை இறக்கித் தரும் உரிமம் பெற்ற ஒருவரிடம் கேட்டோம். பருவத்தின் நடுவில் அவருக்கு நான்கு நாள் வேலை வரிசையில் நின்றது.

## ஐந்தாம், ஆறாம் நாள்

மூத்தவரும் நானும் ஐந்தாம் நாள் போய் ஆளுக்கு ஒரு சுமை இறக்கினோம். ஆறாம் நாள் மூவரும் போனோம். இரவில் மைனஸ் 8, பகலில் நிழலில் 2 டிகிரி. தொங்கியவை நன்றாகவே இருந்தன, துணியை ஒரு இடத்தில் பறவை கொத்தியிருந்தது. ஓடையருகே கிடந்த குடலையும் எலும்பையும் சுற்றிப் பனியில் கொயோட்டி நரிகளின் தடம், ஒரு கரடியின் தடமும்.

முகாமுக்கு வந்த இறைச்சி 78 கிலோ. மான்களில் பரவும் நலிவு நோய்க்குச் சோதனை செய்ய தலையைத் துறையின் மாதிரி சேகரிக்கும் இடத்தில் கொடுத்தோம். 1967-இல் கொலராடோவில் ஃபோர்ட் காலின்ஸ் ஆய்வுக்கூட மான்களில்தான் அந்த நோய் முதலில் கவனிக்கப்பட்டது. சமைத்தால் அழியாத பிரியான் புரதத்தால் வருவது. முடிவு வரும்வரை இறைச்சியைத் தொடக்கூடாது என்பது மூத்தவர் வீட்டு வழக்கம். நோய் இல்லை என்று சில வாரத்தில் செய்தி வந்தது. நான்கு குடும்பங்கள் பகிர்ந்துகொண்டோம்.

## எங்கே தவறியது

குண்டு பட்ட இடம் குறி வைத்த இடத்துக்கு ஏறக்குறைய 15 செ.மீ. பின்னால். அதாவது ஒரு சாணில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. ரைஃபிளைப் பிறகு சுடுதளத்தில் சோதித்தபோது அதில் பிழை இல்லை. மூத்தவர் சந்தேகப்படுவது பள்ளத்தின் காற்றை. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. எங்கள் பக்கம் பாறை மறைப்பில் அமைதி. ஆனால் அந்த நேரத்தில் குளிர்ந்த காற்று பள்ளம் நெடுக வழியத் தொடங்கியிருக்கும். மணிக்கு 25 கி.மீ. குறுக்குக் காற்று 240 மீட்டரில் அவருடைய .30-06 ரக ரைஃபிள் குண்டை அந்த அளவுக்குத் தள்ளும். எதிர்ச்சரிவின் புல்லையும் ஆஸ்பென் கிளையையும் இருநோக்கியில் ஐந்து நொடி பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் கொம்பின் முனைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆனால் காற்றை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. அதே பிழை காலை 8 மணிக்கு நடந்திருந்தால் அன்று பகலிலேயே அதைக் கண்டுபிடித்திருப்போம். தொடை கெட்டிருக்காது, அடுத்த நாள் பசியோடும் தூக்கமில்லாமலும் பனியில் ஏற வேண்டியிருந்திருக்காது. அதே பிழை முகட்டுக்கு இந்தப் பக்கம் நடந்திருந்தால் சுமை பாதி. நேரமும் இடமும் சேர்ந்துதான் ஒரு சாண்கூட இல்லாத பிழையை மூன்று நாள் துன்பமாக்கின.

## இப்போது செய்வது

மூவரும் அடுத்த ஆண்டும் சேர்ந்தே போனோம். சில பழக்கங்கள் மாறியிருக்கின்றன. சுடுபவர் விரலை விசைக்குக் கொண்டுபோகும் முன், அருகில் இருப்பவர் தூரத்தோடு சேர்த்து வெளிச்சம் மிச்சம் எத்தனை நிமிடம், அந்த இடத்துக்குப் போக எத்தனை நிமிடம் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாவது எண் பெரிதாக இருந்தால் சுடுவதில்லை. முகட்டுக்கு அப்பால் பள்ளத்துக்குள் மாலையில் சுடுவதே இல்லை. சுட்ட பிறகு விலங்கு நின்றுகொண்டிருக்கும்வரை அருகில் இருப்பவர் வாய் திறக்கக்கூடாது. சுடுபவர் அடுத்த தோட்டாவை ஏற்றி, அது விழும்வரை குறியிலேயே இருக்க வேண்டும். வாய் திறக்காமல் இருப்பது எனக்காகப் போட்ட விதி.

சுட்டவர் மேசையில் ரைஃபிளை வைத்துச் சுடும் பயிற்சியைக் குறைத்துவிட்டார். மேடு ஏறி, மூச்சு வாங்க உட்கார்ந்து, பைமேல் சாய்த்து, காற்றடிக்கும் நாளில் சுட்டுப் பழகுகிறார். அப்படிச் சுட்டதில் தன் எல்லை 300 அல்ல, 180 மீட்டர் என்று அவரே குறைத்துக்கொண்டார். பருத்தி பனியன் வீட்டிலேயே இருக்கிறது. கழுதைக்காரரிடம் ஆகஸ்டிலேயே பேசி முன்பணம் கொடுத்துவிடுகிறோம். எல்க் கிடைக்காவிட்டால் அந்தப் பணம் போகும், போகட்டும்.

இரவில் தேடாமல் விட்ட முடிவில் மட்டும் எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. இறைச்சியை வைத்துப் பார்த்தால் தவறு, விலங்கை இழக்காததை வைத்துப் பார்த்தால் சரி என்கிறார் மூத்தவர். மறுபடி அதே நிலை வந்தால் காலைவரைதான் காத்திருப்பாராம். சுட்டவர் ஒத்துக்கொள்வதில்லை. சுடும் நேரம் முடிந்திருந்தாலும் ஓசையில்லாமல் முதல் படுக்கை வரையாவது போயிருக்கலாம், அங்கே செத்துக் கிடந்திருந்தால் தொடை தப்பியிருக்கும் என்கிறார். அது முதல் படுக்கையில் சாகவில்லை, எழுந்து போனது என்று மூத்தவர் நினைவூட்டுவார். ஆள் வராமலே எழுந்ததே என்பார் இவர். நான் மூத்தவர் பக்கம். ஆனால் அந்த முதல் படுக்கையில் உறைந்திருந்த இரத்தத்தை நினைக்கும்போது, சுட்டவர் சொல்வதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.